களைக்கீரை

சேலம்
12.7.1982

அக்கா அம்சவல்லிக்குத் தம்பி ராஜாக்கண்ணு வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் மாமாவும் மாதம்மாளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? மலையில் மழை இறங்கிவிட்டதா?

பருத்தி விதையும் களை மருந்தும், தெளிக்கிற மிஷினும் ஒடுகத்தூர் உரக்கடைக்கு அனுப்பியிருக்கிறேன். மாமாவை இறங்கிப் போய் வாங்கிக்கொள்ளச் சொல். இந்த வருஷம் ஓடையோரக் கொல்லையில் சாமை வேண்டாம் அக்கா. பருத்தி போடுங்கள். அந்த மண்ணுக்கு நன்றாக வரும். முளைத்துக் கொஞ்சம் நிமிர்கிற வரைக்கும் களை அண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்குத்தான் இந்த மருந்து. விதைத்த கையோடு மண்ணில் அடித்துவிட்டால் புல் பூண்டு பாதிக்குமேல் முளைக்காது.

மனதில் இருப்பதைச் சொல்கிறேன். கம்பெனியில் நான் இன்னும் தற்காலிக ஆள்தான். மலையில் ஒரு கொல்லையிலாவது எங்கள் மருந்து பலித்தது என்று காட்டினால் என்னை நிரந்தரம் செய்வதாக என் மேலதிகாரி சிங்காரம் சார் சொல்லியிருக்கிறார். மாமாவிடம் சொல், அது ஆனதும் தையில் அவர் தங்கச்சி மாதம்மாளுக்குத் தாலி கட்டிவிடுகிறேன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கென்று நீயும் மாமாவும்தானே இருக்கிறீர்கள். இந்த ஒரு வருஷம் என் பேச்சைக் கேளுங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். மாதம்மாளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
ராஜாக்கண்ணு


நெல்லிமரத்தூர், ஜவ்வாது மலை
8.8.1982

தம்பி ராஜாக்கண்ணுவுக்கு அக்கா ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஓட்டல் சோறு உடம்பில் ஒட்டாது, பார்த்துக்கொள்.

பருத்தி போட்டாயிற்று. உன் மாமா விதை மூட்டையைத் தலையிலும் மிஷினை முதுகிலும் வைத்துக்கொண்டு மலை ஏறியதைப் பார்த்து ஊரே சிரித்தது. ஊர்த் தலைவர் சின்னக்குழந்தைக் கவுண்டர், "இன்னா வேடியப்பா, நஞ்ச வெதச்சுப் பஞ்ச அறுக்கப் போறியா?" என்று கேட்டார். இவர் திரும்பி, "எம்மச்சான் படிச்சவன், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தார். உன் அக்கா பேச்சுக்கு இந்த மனுஷன் இப்படித் தலையாட்டியிருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

மருந்து வேலை செய்கிறது. புல் அவ்வளவாக இல்லை. ஆனால் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் உன் மருந்துக்குப் பயப்படவில்லை, தளதளவென்று வந்திருக்கிறது. மருந்து அடித்த மண்ணில் வந்த கீரையைத் தின்னலாமா வேண்டாமா என்று எனக்கும் மாதம்மாளுக்கும் ஒரே தர்க்கம். களையெடுக்கிறவளுக்குத்தான் களைக்கீரை, அது நம் ஊர் வழக்கம். அவள் எடுக்கிறாள், அவளுக்குத்தான் பாத்தியம். "அண்ணி, ஒங்க தம்பியக் கேட்டு எழுதுங்க. அவுரு வேணாம்னா நான் வெறுங்களியத் துன்னுட்டு அவுரத் திட்டிக்கினு இருக்கறேன்" என்கிறாள். இதற்கு ஒரு பதில் எழுது.

இப்படிக்கு உன் அக்கா,
அம்சவல்லி


சேலம்
24.8.1982

அன்புள்ள அக்காவுக்கு, உன் கடிதம் கண்டு மனம் குளிர்ந்தது. நான் சுகம். மிஷினைச் சுமந்து ஏறிய மாமாவுக்கு முதுகு எப்படி இருக்கிறது?

மாதம்மாளிடம் சொல். களை மருந்து புல் பூண்டுக்குத்தான் எமன். மனுஷனை ஒன்றும் செய்யாது. கீரையைத் தாராளமாகப் பறித்துத் தின்னச் சொல், நானே வந்தால் ஒரு சட்டி தின்பேன்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். பருத்தி இளசாக இருக்கும்போதுதான் அசுவினியும் தத்துப்பூச்சியும் ஏறும். முதலில் அவை தங்குவது களைச்செடியில், அங்கேயிருந்துதான் பருத்திக்குத் தாவும். களைக்கு ஒரு நாள், பூச்சிக்கு ஒரு நாள் என்று எதற்கு இரண்டு தடவை மிஷினைத் தூக்க வேண்டும்? இரண்டையும் ஒரே டேங்கில் கலந்து, பருத்தியின் மேல் படாமல் வரிசைக்கு நடுவே களை நனைய நனைய அடித்தால் ஒரே அடியில் இரண்டும் ஒழியும். இது என் சொந்த யோசனை. டப்பாவில் இப்படிப் போட்டிருக்காது. சிங்காரம் சாரிடம் சொன்னேன், தட்டிக்கொடுத்தார். "மலையில் செய்து காட்டு, நோட்டீஸ் அடித்துவிடலாம்" என்றார். களைக்கு வேறு மருந்தும், பூச்சி மருந்து ஒரு டப்பாவும் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். டேங்குக்குக் களை மருந்து மூன்று மூடி, பூச்சி மருந்து ஒரு மூடி. நன்றாகக் கலக்கிவிட்டு அடிக்கச் சொல். காற்றுக்கு எதிராக நிற்க வேண்டாம்.

கல்யாணத்தைத் தையிலிருந்து சித்திரைக்குத் தள்ளிக்கொள்ளலாமா? நோட்டீஸ் வேலை முடியாமல் நிரந்தரம் கிடைக்காது போலிருக்கிறது. மாதம்மாள் வருத்தப்படாமல் நீதான் பேச வேண்டும்.

அன்புத் தம்பி,
ராஜாக்கண்ணு


நெல்லிமரத்தூர்
7.9.1982

தம்பிக்கு அக்கா எழுதுவது. சுகம். உன் சுகத்துக்கு எழுது. மாமாவுக்கு முதுகு தேவலை.

உன் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். டப்பா வந்தது. நாளைக் காலையில் அடிக்கப் போகிறார். உன் ஒரு மூடி அவருக்குப் பத்தவில்லை. "மலப் பூச்சி ஒரு மூடிக்கு மசியாது, ரெண்டா ஊத்தறேன்" என்று இப்போதே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

கல்யாணத்தைத் தள்ளியதைக் கேட்டு மாதம்மாள் அழுவாள் என்று நினைத்தாயோ? நன்றாக நினைத்தாய். "சித்திரையில கல்லு சுடும், ஒடுகத்தூர்ல நல்ல செருப்பா வாங்கினு வரச் சொல்லுங்க. செருப்பு இல்லன்னா மணவறைக்கு வர மாட்டேன்" என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். பக்கத்தில் அவரைக்காய் போட்டிருக்கிறோம் அல்லவா, பன்றி வருகிறது. அதனால் இந்த வாரம் அவளுக்குத்தான் கொல்லைக் கொட்டாயில் காவல். களி கிண்டிக்கொள்ள மாவு கொடுத்தனுப்புகிறேன். தொட்டுக்கொள்ள உன் பருத்திக்கொல்லையில் கீரை இருக்கிறது, அவளுக்கென்ன குறை.

இன்னொரு தடவை தள்ளாதே. சிரிக்கிறாள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அக்கா,
அம்சவல்லி


சேலம்
30.9.1982

அன்புள்ள அக்காவுக்கு, நலம். உன்னிடமிருந்து பதிலே இல்லை. மழையில் தபால் தவறியதோ? மருந்து அடித்தாயிற்றா? களை எத்தனை நாளில் வாடியது, பருத்தி இலை கருகியதா, பூச்சி தெரிகிறதா, இதையெல்லாம் சார் தினமும் கேட்கிறார். மாமா சொல்லச் சொல்ல எழுதினால் போதும். நோட்டீசுக்கு வேண்டும்.

மாதம்மாளுக்குச் செருப்பு வாங்கிவிட்டேன் என்று சொல். ஒடுகத்தூரில் இல்லை, சேலத்திலேயே.

தம்பி,
ராஜாக்கண்ணு


சேலம்
14.10.1982

அக்கா, இது நான் எழுதும் இரண்டாவது கடிதம், உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. கல்யாணத்தைத் தள்ளியதில் மாமாவுக்குக் கோபமா? கோபம் என்றால் திட்டியாவது எழுது. யாருக்காவது உடம்பு சரியில்லையா? ஒரு வரி எழுதிப் போடு. பருத்தியைப் பற்றி இன்னொரு வரி.

ராஜாக்கண்ணு


நெல்லிமரத்தூர்
25.10.1982

தம்பி ராஜாக்கண்ணுவுக்கு.

மாதம்மாள் இறந்துபோனாள். மருந்து அடித்த மறுநாள் காலையில். அடித்த அன்று மாலை கொட்டாயில் தனியாகச் சமைத்துத் தின்றிருக்கிறாள். காலையில் நான் கூழ் எடுத்துக்கொண்டு போனபோது வாயில் நுரையோடு கிடந்தாள். உடம்பில் சூடு இருந்தது. உன் மாமாவும் இன்னும் நாலு பேரும் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி மலையில் திரும்பி வந்துவிட்டார்கள்.

பூச்சி மருந்து டப்பா அந்தக் கொட்டாயில்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் ஊருக்கு வேறு எதுவும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளை கல்யாணத்தைத் தள்ளிப் போட்டான், பெண் மருந்தைக் குடித்துவிட்டாள். முடிந்தது. தானாகப் போனவளுக்கு நம் ஊர்ச் சுடுகாட்டில் இடம் கிடையாது என்று உனக்குத் தெரியும். ஓடைக்கு அந்தப் பக்கம் காட்டு ஓரத்தில் புதைத்தார்கள். கருமாதி இல்லை. செத்தவர்களுக்குத் தையில் படைக்கும்போது அவள் பேரைச் சொல்லக் கூடாது என்று கவுண்டர் சொல்லிவிட்டார். உன் மாமா உன் பேரைச் சொன்னாலே எழுந்து போகிறார்.

நீ கேட்டதையும் எழுதுகிறேன். களை நாலு நாளில் வாடியது. பருத்தி நன்றாக இருக்கிறது. பூச்சி ஒன்றுகூட இல்லை.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். களை மருந்து தனியாக இருந்தால் கீரையைத் தின்னலாம் என்று எழுதினாய். இரண்டையும் சேர்த்து அடித்தால்? இதற்கு மட்டும் பதில் எழுது.

அம்சவல்லி


சேலம்
12.11.1982

அன்புள்ள அக்காவுக்கு, என்ன எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் ஓடிவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை. தூக்கம் இல்லை. அவளுக்குப் போய் இப்படி வரவேண்டுமா? என் தலையெழுத்து. மாமாவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? தையிலேயே கட்டியிருந்தால் இருந்திருப்பாளே என்று நினைத்து நினைத்து அழுகிறேன்.

அக்கா, இனிமேல் அந்தக் கொல்லையில் கீரை பறிக்க வேண்டாம். மருந்து மீதி இருந்தால் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடு. டப்பாவையும் சேர்த்துப் புதை. இரண்டையும் கலந்து அடித்தது பற்றி யாரிடமும் பேச வேண்டாம். கேட்டால் களை மருந்து மட்டும் அடித்தோம் என்று சொல். போனவள் போய்விட்டாள். இருக்கிறவர்களுக்குத் தொந்தரவு வரக்கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி,
ராஜாக்கண்ணு


நெல்லிமரத்தூர்
1.12.1982

ராஜாக்கண்ணுவுக்கு.

கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை என்று நினைக்காதே. சொல்லிவிட்டாய். கீரை பறிக்க வேண்டாம் என்று இப்போது எழுதத் தெரிகிறதே, டப்பாவை அனுப்பும்போது ஏன் தெரியவில்லை?

எனக்கு அப்போதே தெரியும். அவளைப் புதைத்த மறுநாள் கொட்டாயைக் கூட்டப் போனேன். அடுப்பின்மேல் சட்டியில் தொய்யக்கீரை பாதி இருந்தது. சட்டியோடு எடுத்து வந்து வீட்டுக் குப்பையில் கொட்டினேன். என் பெட்டைக்கோழி இரண்டும் அதைக் கொத்தித் தின்றன. உச்சிப் பொழுதுக்குள் றெக்கையை விரித்துப் போட்டுச் செத்தன. திரும்பக் கொட்டாய்க்குப் போய் மருந்து டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன். உன் மாமா ஊற்றியது போக மீதி அப்படியே இருந்தது. அவள் அதைத் தொடவே இல்லை. கீரையைத்தான் தின்றாள். நீ தின்னச் சொன்ன கீரை.

களை களை என்று கடிதம் முழுக்க எழுதினாயே. நமக்கு அது எந்த வருஷம் களையாக இருந்தது? அம்மா செத்த வருஷம், வீட்டில் தானியம் இல்லாமல், அந்தக் கீரையை வேகவைத்து உப்புப் போட்டுத்தான் உனக்கு ஊட்டினேன். ஊட்டியவளுக்கு நினைவிருக்கிறது, தின்றவனுக்கு மறந்துவிட்டது. டேங்கைப் பற்றி எழுதினாய், மூடியைப் பற்றி எழுதினாய், காற்றைப் பற்றிக்கூட எழுதினாய்.

இதை ஏன் நான் அன்றைக்கே ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை தெரியுமா? கலக்கியவர் உன் மாமா. நனைய நனைய அடித்தவர் அவர். ஒரு மூடியை இரண்டாக்கியவரும் அவர்தான். தங்கச்சி குடித்துச் செத்தாள் என்று நினைத்து உன்னைத் திட்டிக்கொண்டு இருக்கிறார், அந்தக் கோபத்தில்தான் எழுந்து நடமாடுகிறார். தன் கையால் அடித்ததைத் தின்றுதான் செத்தாள் என்று தெரிந்தால் அந்த மனுஷன் என்ன ஆவார்? சொன்னால் அவர் போகிறார். சொல்லாவிட்டால் அவள் காட்டு ஓரத்தில் கெட்ட பேரோடு கிடக்கிறாள். அவள் உனக்காகச் சாகிற பெண்ணில்லை ராஜாக்கண்ணு. செருப்பு கேட்ட பெண்.

தை பிறப்பதற்கு முன்னால், மார்கழிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடும். படையலுக்கு யார் யார் பேர் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்வார்கள். நீ வா. வந்து நில். "நான்தான் கலக்கச் சொன்னேன், கீரையைப் பற்றிச் சொல்ல மறந்தேன், மாமாவுக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல். கம்பெனி ஆள் சொன்னால் ஊர் நம்பும். பழி உன் மேல் விழுந்தால் அவர் தாங்கிக்கொள்வார். அவள் பேரும் மீளும். உன்னிடம் நான் இதுவரை எதையும் கேட்டதில்லை.

அம்சவல்லி


சேலம்
4.1.1983

அன்புள்ள அக்காவுக்கு, நலம். மாமா நலமா?

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீ சொல்வது ஒரு வகையில் நியாயம்தான். ஆனால் என் நிலைமையையும் நீ பார்க்க வேண்டும். போன வாரம்தான் என்னை நிரந்தரம் செய்தார்கள். நோட்டீஸ் அச்சாகிவிட்டது. கலந்து அடிப்பது கம்பெனி சொன்னதல்ல, டப்பாவிலும் இல்லை. நான் வந்து ஊர் நடுவில் ஒப்புக்கொண்டால் நாளைக்குக் கேஸ் ஆகும். சிங்காரம் சார், எனக்கு எதுவும் தெரியாது என்று கையை விரித்துவிடுவார். வேலை போகும், ஜெயிலுக்கும் போக நேரலாம். இத்தனை வருஷம் நீ வளர்த்தது அதற்கா?

ஆற அமர யோசித்தேன். மாதம்மாள் எனக்காக உயிரை விட்டாள் என்று ஊர் சொன்னால் சொல்லட்டும் அக்கா. அந்தப் பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன். வாழ்நாள் முழுதும் சுமக்கிறேன். மாமாவும் என்னையே திட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கட்டும். நீயும் இதைக் கிளறாமல் விட்டுவிடு. அதுதான் எல்லோருக்கும் நல்லது.

பொங்கலுக்கு உனக்கும் மாமாவுக்கும் துணி அனுப்புகிறேன்.

தம்பி,
ராஜாக்கண்ணு


நெல்லிமரத்தூர்
25.1.1983

ராஜாக்கண்ணுவுக்கு.

துணி வந்தது. பிரிக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்புகிறேன்.

எனக்காகச் செத்தாள் என்ற பழியை ஏற்கிறேன் என்று எழுதியிருந்தாய். இரண்டு பழியில் எது லேசானது என்று பார்த்துத் தூக்கியிருக்கிறாய். ஒரு பெண் இவனுக்காக உயிரை விட்டாள் என்றால் ஆம்பளைக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஊர் கூடுவதற்கு முந்தின நாள் உன் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து அடித்த மிஷினை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார். கழுவினார். பொழுது சாய்கிற வரைக்கும் கழுவிக்கொண்டே இருந்தார். போய்க் கூட்டி வந்தேன். அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் நீ வருவாய் என்று கடைசிவரை பார்த்தேன். என் புத்தி. மலையேறி வருகிற பாதையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. நானே ஊர் நடுவில் நின்று கீரையைச் சொன்னேன், கோழியைச் சொன்னேன், டப்பாவில் மருந்து குறையாததைச் சொன்னேன். கூட்டத்திலிருந்த பெண்கள் எல்லோரும் நான் முடிப்பதற்கு முன்பே நம்பிவிட்டார்கள். ஒவ்வொருத்தியும் களைக்கீரை தின்கிறவள்தானே. கவுண்டர், "மருந்தக் கலந்தது யாரு?" என்று கேட்டார்.

உன் மாமா எழுந்து, "நான்தான்" என்றார்.

"ஒனக்கு இன்னா தெரியும் இதெல்லாம்? யாரு சொல்லிக் கலந்த?"

இவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "யாரும் சொல்லலீங்க. ரெண்டு வேலய ஒண்ணா முடிச்சிடலாம்னு எம்புத்தியில பட்டது. நானாத்தான் கலந்தேன். எம்மச்சான் தனித்தனியாத்தான் அடிக்கச் சொன்னான்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டார்.

மாதம்மாள் பேர் மீண்டது. தையில் அவளுக்கும் படைத்தோம். சுடுகாட்டில் அவளுக்கு ஒரு கல் நட்டாயிற்று. தங்கச்சியைக் கொன்ற கை என்று உன் மாமாவை இனி ஊர்ப் படையலில் எதையும் தொடக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். பருத்தி வெடித்துக் கொல்லையிலேயே கிடக்கிறது. யாரும் பறிக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் அவரைக் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. "அவன் பேர எடுத்தா ஊரு அவன வுடாது. அப்பறம் அவன் இந்த மலப்பக்கமே வர மாட்டான். ஒனக்கும் அப்பன் ஆயி இல்ல. பொறந்தூடுன்னு சொல்லிக்க அவன் ஒருத்தன்தான். அதையும் நான் இல்லாம பண்ணணுமா?" என்றார்.

எனக்கு ஒரு தம்பி இருக்கட்டும் என்றுதான் அந்த மனுஷன் பழியைத் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார். நீ எழுதிய கடைசிக் கடிதத்தை நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. எனக்குத் தம்பி இல்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அம்சவல்லி